கீரிமலை ஊற்றுக்காக ஒரு திறந்த மடல்

வடமாகாணத்தின் நிலத்தடி நீருக்குப் பொறுப்பாயிருக்கும் அலுவலர்களுக்கும், நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையாருக்கும், நீர்வளச் சபையாருக்கும், சுற்றாடல் அதிகாரசபையாருக்கும், வலிகாமத்துப் பிரதேச சபைகளின் உறுப்பினர்களுக்கும்,



ஆடி அமாவாசை வருகிறதென்றால் நீங்கள் எல்லோரும் கீரிமலையில் நிற்பீர்கள். வாகனம் விட இடம் ஒதுக்குவீர்கள், மேலதிக பஸ் ஓட்டுவீர்கள், ஊற்றுக் கேணியைக் கழுவித் துப்புரவாக்குவீர்கள், பவுசரில் குடிதண்ணீர் கொண்டுவந்து வைப்பீர்கள். தகப்பனைப் பறிகொடுத்தவர்கள் விடியமுன்னரே வந்து கடலில் தலை முழுகி, உப்புப் போகக் கேணியில் குளித்து, எள்ளும் தண்ணீரும் இறைத்து, மனப்பாரம் குறைந்து வீடு திரும்புகிறார்கள். அந்த ஒரு நாளுக்காக நீங்கள் படும் பாட்டை நான் குறை சொல்லவில்லை. என் முறைப்பாடு மிச்ச நாட்களைப் பற்றியது. தீர்த்தம் ஊறிக்கொண்டிருக்கும் ஊருக்கே குடிதண்ணீரைப் பவுசரில் ஏற்றிவரும் நிலை எப்படி வந்தது என்று உங்களில் ஒருவராவது சனத்துக்கு முன்னால் நின்று சொன்னதை நான் கேட்டதில்லை.

இந்த ஊற்றைப் பற்றி எங்கள் முன்னோர் சொல்லிவந்த பெரிய கதைகள் இரண்டும் நோய் தீர்ந்த கதைகள்தான். கீரிமுகத்தோடு அலைந்த நகுல முனிவர் இங்கே நீராடி மனித முகம் பெற்றார் என்பது ஒன்று. குன்ம நோயாலும் குதிரை முகத்தாலும் வருந்திய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி, மருந்துகளெல்லாம் கைவிட்ட பின் ஒரு துறவியின் சொற்கேட்டுக் கடல் கடந்து வந்து, இந்தத் தீர்த்தத்தில் முழுகிக் குணமடைந்தாள் என்பது மற்றது. யாழ்ப்பாண வைபவமாலை அவளை மறக்கவில்லை. நோய் தீர்ந்த நன்றிக்கு அவள் எடுப்பித்ததாகச் சொல்லப்படும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் மறக்கவில்லை. மகோற்சவம் முடிகிற ஆடி அமாவாசையன்று அந்தக் கோயில் முருகன் தீர்த்தமாட வருவது கீரிமலைக்குத்தான்.

கேணிக்குப் பக்கத்தில் நகுலேசுவரம். ஈழத்துப் பஞ்ச ஈச்சரங்களில் ஒன்று. போர்த்துக்கேயர் இடித்தார்கள். ஆறுமுக நாவலர் தொடங்கிவைத்த முயற்சியின் தொடர்ச்சியாக 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் திரும்ப எழுந்தது. 1990இல் விமானக் குண்டு வீச்சில் சிதைந்தது. திரும்பவும் எழுந்து நிற்கிறது. கோயிலை எங்கள் சனம் எத்தனை தரம் வேண்டுமானாலும் கட்டும். ஊற்றைக் கட்டுவதற்கு எந்தச் சிற்பாசாரியிடமும் நூல் இல்லை.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இந்தக் கதைகளை நம்பியது ஏட்டில் படித்தல்ல. சொறி, சிரங்கு, உடம்பு உளைவு, மனக் கலக்கம் எதுவென்றாலும் கீரிமலைக்குக் கூட்டிப்போவார்கள். கரையின் ஒரு பக்கம் கடல் கரித்துக்கொண்டிருக்க, மறுபக்கம் கைதொடும் தூரத்தில் நல்ல தண்ணீர் குளிர்ந்து கிடப்பதைப் பார்த்த பிள்ளைக்கு அதில் தெய்வம் இருக்கிறது என்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அந்த நம்பிக்கையை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். அதை மதிப்பதால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

அந்த நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது உங்கள் அலுவலகங்களில் இருக்கும் நீரியல் படித்தவர்களுக்குத் தெரியும். ஊர்ச் சனத்தில் பலருக்குத் தெரியாது. ஆகவே அவர்களுக்காக இங்கே சொல்கிறேன்.

யாழ் குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறு மாரியில் ஓடும், கோடையில் தரவையாய்க் கிடக்கும். மலையும் இல்லை, காடும் இல்லை. எங்களுக்கு வாய்த்ததெல்லாம் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கொட்டுகிற மழையும், செம்மண்ணுக்குக் கீழே கிடக்கும் சுண்ணாம்புக் கல்லுமே. மயோசின் காலத்தில் கடலடியில் படிந்த கல் அது. மழைத்தண்ணீர் அதைக் கரைத்துக் கரைத்து வெடிப்புகளும் பொந்துகளும் குகைகளுமாக ஆக்கியிருக்கிறது. வலிகாமத்தில் விழுகிற மழை அந்த வெடிப்புகளுக்குள் இறங்கித் தேங்கி, நிலத்துக்குக் கீழே மெல்ல நகர்ந்து, கடலை நோக்கிப் போகிறது. கரையோரத்தில் கல் வாய் திறந்திருக்கும் இடங்களில் வெளியே வருகிறது. கீரிமலை அப்படியொரு வாய். தெல்லிப்பழையில் பெய்த மழையும், மல்லாகத்துத் தோட்டத்தில் இறங்கிய தண்ணீரும், சுன்னாகத்து வளவொன்றில் யாரோ ஊற்றிய கழிவும் எல்லாம் ஒரே கல்லுக்குள், ஒரே தண்ணீருக்குள்தான் போய்ச் சேருகின்றன. கேணி என்று நாங்கள் கும்பிடுவது நாலு சுவருக்குள் அடங்கிய பள்ளத்தை. உண்மையான கேணி வலிகாமம் முழுவதும் பரந்து கிடக்கிறது.

இந்த நன்னீருக்குக் கீழேயும் சுற்றியும் கடல் இருக்கிறது. உப்புநீரை விட நன்னீர் பாரம் குறைந்தது என்பதால், மோருக்கு மேலே திரண்ட வெண்ணெய் போல அது உப்பின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கணக்கு. அதே கணக்கை மறுபக்கமாகப் போட்டுப் பாருங்கள். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓரடி இறக்கினால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேல்தண்ணீர் நன்னீராகவும் அடித்தண்ணீர் உவராகவும் இருப்பதை எங்கள் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அது அதிசயம் என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. தங்கள் வீட்டுக் கிணற்றின் அடியிலும் அந்த உவர் காத்திருக்கிறது என்று சொல்லப்படுவதில்லை.

துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே தண்ணீருக்குக் காவலாக இருந்தது. ஒருவர் துலாவில் ஏறி இறங்க, ஒருவர் பட்டை பிடிக்க, ஒருவர் வாய்க்காலில் தண்ணீர் மாற, விடிய நாலு மணிக்குத் தொடங்கினாலும் வெயில் ஏறும்போது நிறுத்தத்தான் வேண்டும். பிறகு இயந்திரம் வந்தது. 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தபோது வலிகாமத்துச் செம்மண் முழு நாட்டுக்கும் கறி வைத்தது. அந்த உழைப்பில் படித்து முன்னேறிய குடும்பங்கள் ஏராளம், எங்களுடையதும் அதிலொன்று. ஆனால் அன்று தொடங்கிய பழக்கம் ஒன்று இன்றுவரை நிற்கவில்லை. யூரியாவை அளவுக்கு மேல் போடுவது, போட்டவுடன் வெள்ளமாய் இறைப்பது. பயிர் எடுத்தது போக மிச்சமான நைதரசன் நைத்திரேற்றாக மாறிக் கிணற்றுக்கே திரும்பி வருகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அந்த எல்லை தாண்டப்பட்டிருப்பதைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல வருடங்களாகத் திரும்பத் திரும்ப எழுதி வருகிறார்கள். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கரைத்துக் கொடுத்தால் இரத்தத்தில் பிராணவாயு ஏறாமல் பிள்ளை நீலம் பாரிக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது, இன்னும் செறியும். இதை எத்தனை தாய்மாருக்கு யார் வீட்டு வாசலில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்?

கமக்காரரை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. 2021இல் இரசாயன உரத்துக்கு ஒரே அறிவிப்பில் தடை வந்தது. மாற்று வழி கற்பிக்கவும் இல்லை, பதிலுக்குப் போதிய சேதனப் பசளை கொடுக்கவும் இல்லை. சில மாதங்களில் தடை எடுபட்டது. அந்தப் பருவத்தில் நட்டப்பட்ட கமக்காரரிடம் இனி யாராவது உரத்தைக் குறை என்று சொன்னால் அவர் காது கொடுக்க மாட்டார். அந்த அவநம்பிக்கையை விதைத்தவர்கள் அதிகாரத்தில் இருந்தவர்கள். மண்ணைப் பரிசோதித்து, எவ்வளவு போதும் என்று ஒவ்வொரு தோட்டத்துக்கும் சொல்ல ஆள் அனுப்பியிருந்தால் தடையே தேவைப்பட்டிருக்காது.

மலசலகூடக் குழிகளைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறோம். பேசத்தான் வேண்டும். குடாநாட்டில் கழிவுநீரை ஊரளவில் குழாய் வழியாகச் சேர்த்துச் சுத்திகரிக்கும் ஏற்பாடு இல்லை. வீட்டுக்கு ஒரு குழி. மணல் நிலத்தில் குழிநீர் வடிந்து வடிந்து ஓரளவு தெளியும். வெடிப்புக் கல்லில் அது தெளிய நேரமே கிடையாது, நேராக இறங்கிவிடும். போரால் இடம்பெயர்ந்தவர்கள் மீள்குடியேறிய பிறகு இரண்டு பரப்பு, மூன்று பரப்புக் காணிகளில் நெருக்கமாய் எழும்பிய வீடுகளில் ஒருவர் குழிக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் இடையே எத்தனை அடி என்று அளந்து பாருங்கள். கட்டட அனுமதி கொடுக்கும் சபைகளே, அந்தத் தூரத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது நீங்கள் அல்லவா?

இனிக் கல்லைப் பற்றி. 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை வந்தது. அதற்காக ஊரைச் சுற்றிக் கல் தோண்டினார்கள். பலருக்கு வேலை கொடுத்த தொழிற்சாலைதான், மறுக்கவில்லை. 1990இல் போரோடு அது நின்றது. தோண்டிய பள்ளங்கள் நிற்கின்றன. நிலத்தடி நீருக்கு மேலே போர்வையாய் இருந்த கல்லை உரித்துவிட்டால் தண்ணீர் வெயிலுக்கும் குப்பைக்கும் நேராக முகம் காட்டிக் கிடக்கும். அப்படிக் கிடக்கும் பள்ளங்களில் இன்று என்னென்ன கொட்டப்படுகிறது என்பதை அந்தப் பக்கம் போகிற எவரும் மூக்கால் அறிவார்கள். இது போதாதென்று, காணி திருத்துகிறோம் என்ற பெயரில் கல்லை உடைத்து லொறியில் ஏற்றுவது இன்னும் நடக்கிறது. சனம் மறித்துப் பேசினால் காகிதம் காட்டுகிறார்கள். காகிதம் கொடுத்த கை எது?

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் நானும் ஒருவன். ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது. தாய் தகப்பனின் சாம்பலைக் கீரிமலையில் கரைக்க முடியாமல், வேறு கடற்கரையில் கரைத்துவிட்டு, கிடைத்த கிணற்றில் அள்ளிக் குளித்துவிட்டு வந்த வருடங்கள் எங்கள் சனத்துக்கு உண்டு. திரும்பப் போக வழி கிடைத்தபோது வயதுபோனவர்கள் கேணிப் படியில் இருந்து அழுததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வட்டாரத்தில் சனத்தின் காணியில் ஜனாதிபதிக்கு ஒரு மாளிகை கட்டப் பணம் இருந்தது. அதே வட்டாரத்தின் தண்ணீரைக் கிரமமாய்ச் சோதித்து வெளியிட மட்டும் பணமில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன்.

சுன்னாகத்தை நீங்கள் மறந்திருக்கலாம், நாங்கள் மறக்கவில்லை. மின் நிலைய வளாகத்தைச் சுற்றியிருந்த வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. 2014இலும் 2015இலும் சனம் வாளியும் போத்தலுமாய் வீதியில் நின்றது. ஓர் ஆய்வு எண்ணெய் உண்டு என்றது, மாகாண சபை அமைத்த நிபுணர் குழு பயப்பட ஒன்றுமில்லை என்றது. தன் கிணற்றில் மணக்கும் எண்ணெயை நம்புவதா, அறிக்கையை நம்புவதா என்று தெரியாமல் தாய்மார் தவித்தார்கள். கடைசியில் யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருந்த ஒரு சுற்றாடல் செயற்பாட்டாளர் நாட்டின் உயர் நீதிமன்றம் வரை கொண்டுபோன வழக்கில், 2019 ஏப்ரலில், அங்கே மின்னுற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 20 மில்லியன் ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்புக்குத் தலை வணங்குகிறேன். அதோடு ஒரு வேதனையையும் சொல்லியாக வேண்டும். தண்ணீர் எங்களுடையது, சபைகள் எங்களுடையவை, மாகாண சபையும் அப்போது எங்களுடையது. நீதிமன்றப் படியேற மட்டும் வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தில் என் வளவுக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கேட்டு நானும் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அது தங்கள் வேலையில்லை, இன்ன இடத்துக்குப் போங்கள் என்றார்கள். அந்த இடத்தில் வேறொரு இடத்தைச் சொன்னார்கள். போத்தலில் கொண்டுபோன தண்ணீரை அந்தந்த மேசையில் வைத்து எடுத்ததுதான் மிச்சம். ஒருவரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. எல்லோரும் ஐயா என்றுதான் அழைத்தார்கள். தண்ணீரைத் தொட மட்டும் ஒருவருக்கும் அதிகாரம் இருக்கவில்லை. ஒரே தண்ணீரைக் குடிநீர் என்றால் ஒரு சபை, குழாய்க்கிணறு என்றால் இன்னொரு சபை, பாசனம் என்றால் ஒரு திணைக்களம், மாசு என்றால் ஓர் அதிகாரசபை, குப்பை என்றால் பிரதேச சபை என்று பிரித்து வைத்திருக்கிறீர்கள். கல்லுக்குள் அது பிரிந்து கிடக்கவில்லை.

இனித் தாளையடி. கடல்நீரை நன்னீராக்கும் ஆலை 2024இல் அங்கே திறக்கப்பட்டு, குழாய் வழியாகக் குடாநாட்டுக்குத் தண்ணீர் வருகிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்தைப் பற்றிக் கிளிநொச்சிக் கமக்காரருக்கும் எங்களுக்கும் இடையே மூண்ட மனக்கசப்பு தணிய அது வழிசெய்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். தண்ணீர் கெட்டுப்போன வீட்டுக்குக் குழாய் வருவது பெரிய ஆறுதல். என் பயம் வேறு. குழாய் வந்த வீட்டில் கிணறு குப்பைக் குழியாகும். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதவருக்கு அதன் மேல் அக்கறை இராது. அக்கறையில்லாத சனத்துக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று நீங்களும் இருந்துவிடுவீர்கள். ஆனால் வெங்காயம் அந்தத் தண்ணீரில்தான் விளையப் போகிறது. மாடு அதைத்தான் குடிக்கும். குழாய்க்குப் பணம் கட்ட முடியாத வீடு அதைத்தான் அள்ளும். கீரிமலையில் ஊறப் போவதும் அதுதான். கடல்நீரை நன்னீராக்கி ஊருக்கு ஊற்றிவிட்டு ஊற்றைக் கைகழுவ எவருக்கும் உரிமை கிடையாது.

என் சனத்துக்கும் ஒரு சொல். அந்தியேட்டி முடித்துப் பழைய துணியையும் பிளாஸ்டிக் பைகளையும் கரையில் விட்டுவிட்டு வருகிறோம். கேணிக்குள் நின்று சவர்க்காரம் போடுகிறோம், சாம்பு போடுகிறோம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவுகள் படம் எடுத்துப் போடுகிறார்கள், கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் அள்ளிக் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு போதும், வலிகாமம் வடக்கின் கிணறுகளைக் கிரமமாகச் சோதிக்க. கோயில் பரிபாலனத்தார் மனம் வைத்தால் ஒரு திருவிழா உபயத்தைத் தண்ணீர்ச் சோதனை உபயமாக மாற்றலாம். நோய் தீர்த்த ஊற்றின் நோயைப் பார்ப்பது தெய்வத் தொண்டில் சேராது என்று எந்த ஆகமம் சொல்கிறது?

அலுவலர்களே, நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கீரிமலைக்குத் தண்ணீர் வந்து சேரும் நிலப்பரப்பு எதுவென்று வரைபடம் போட்டு, அதைக் காக்க வேண்டிய பகுதியாகச் சட்டப்படி அறிவியுங்கள். அதற்குள் கல் உடைக்க யாருக்கும் காகிதம் கொடுக்காதீர்கள். பழைய பள்ளங்களில் குப்பை விழுவதை நிறுத்தி, மாரி வெள்ளம் வடிகட்டி இறங்கும் இடங்களாக அவற்றைத் திருத்துங்கள். எங்கள் முன்னோர் கோயிலுக்குக் கோயில் கேணியும் ஊருக்கு ஊர் குளமும் வெட்டிவைத்தது மழையை நிலத்துக்குள் இறக்கத்தான். தூர்ந்து கிடக்கும் அந்தக் குளங்களை மண் நிரப்பிக் கட்டடம் எழுப்ப விடாதீர்கள். கல்லில் வெட்டிய குழிகளுக்குப் பதிலாக அடைப்புள்ள தொட்டி கட்ட வசதியில்லாத வீட்டுக்கு உதவி கொடுங்கள். இத்தனைக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். போத்தலில் தண்ணீர் கொண்டுவருபவருக்கு அவருடைய மேசை எது என்று ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இவையெல்லாம் நாளைக்கே நடக்காது என்று எனக்குத் தெரியும். நாளைக்கே நடக்கக் கூடியது ஒன்று உண்டு. கேணித் தண்ணீரையும், தெல்லிப்பழையிலிருந்து கரைவரை தெரிந்தெடுத்த கிணறுகளின் தண்ணீரையும் மாதம் ஒருமுறை சோதியுங்கள். நைத்திரேற்று எவ்வளவு, உப்பு எவ்வளவு, மலக்கிருமி உண்டா, எண்ணெய் உண்டா என்று ஊர்த்தமிழில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஆண்கள் கேணியின் வாசலிலும் பெண்கள் கேணியின் வாசலிலும் பலகை நட்டு அதில் ஒட்டுங்கள். நல்ல முடிவு வந்தாலும் ஒட்டுங்கள், கெட்டது வந்தாலும் ஒட்டுங்கள்.

இந்த மடலுக்கு எனக்குப் பதில் எழுத வேண்டாம். வருகிற ஆடி அமாவாசைக்கு முன்னர் முதற் சோதனை முடிவு அந்தப் பலகையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வலிகாமம் வடக்கைச் சேர்ந்த ஒருவன்